வாட்ச்மேனிடம் என்ன சொல்லிவிட்டு உள்ளே போவது?

தூத்துக்குடியிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து ஆறு மாதமாகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்: “மும்பையில் காலா கோடா, கேரளத்தில் ஃபோர்ட் கொச்சி என்கிறார்களே, சென்னையில் அப்படிக் கலைக்கென்று ஒரு வட்டாரம் இருக்கிறதா? ஓவியக் கண்காட்சி, தியேட்டருக்கு வராத சின்னப் படங்கள் எல்லாம் எங்கே நடக்கின்றன? யாரையும் தெரியாத ஒருவன் தனியாகப் போனால் உள்ளே விடுவார்களா?” கேள்வி மூன்று. ஆனால் அவருக்கு உண்மையிலேயே பதில் வேண்டியது கடைசிக் கேள்விக்குத்தான் என்று நினைக்கிறேன். முதல் இரண்டையும் போனில் தட்டினால் ஒரு பட்டியல் வந்துவிடும். அந்தப் பட்டியலோடு கிரீம்ஸ் சாலை வரை போய், கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனைப் பார்த்துவிட்டு, எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் நானே அப்படித் திரும்பியிருக்கிறேன். எனவே அந்தப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: விடுவார்கள். பெரும்பாலான இடங்களில் காசு கேட்க மாட்டார்கள், அழைப்பிதழ் கேட்க மாட்டார்கள், என்ன படித்திருக்கிறாய் என்றும் கேட்க மாட்டார்கள். வாட்ச்மேன் “எங்க சார்?” என்றால் “ஷோ பாக்க” என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை.

நான் ஓவியன் இல்லை. பிரேம் போடும் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஓவியர்களின் படங்களுக்குச் சட்டம் அடித்து, கண்காட்சிக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், சுவரில் மாட்டிக் கொடுத்து, வாரம் முடிந்ததும் கழற்றி மூட்டை கட்டியிருக்கிறேன். படங்களின் முன்பக்கத்தை விட முதுகுப் பக்கத்தை அதிகம் பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிடும் சின்னக் குழு ஒன்றில் ப்ரொஜெக்டர் பொறுப்பு என்னுடையது. சபா கச்சேரி, நாடகம் பற்றியெல்லாம் என்னிடம் கேட்டுப் பயனில்லை. ஓவியம், சின்னப் படங்கள் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எது நிச்சயம், எது என் சொந்த ஊகம் என்பதையும் அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

வட்டாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ரோட்டில் நின்று பார்த்தால் மட்டும் தெரியாது. எழும்பூர் ரயில் நிலையத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வடக்கே, பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரி. தெற்கே பாந்தியன் சாலையில் அருங்காட்சியகம். கூவத்தைத் தாண்டி வந்தால் கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம். கொஞ்சம் மேற்கே கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ், பிரெஞ்சுப் பண்பாட்டு மையம். அங்கிருந்து ரட்லண்ட் கேட்டில் ஜெர்மன் பண்பாட்டு மையமான கதே நிறுவனம், அதாவது நாங்கள் மேக்ஸ் முல்லர் பவன் என்று சொல்லிப் பழகியது. பக்கத்திலேயே வாலஸ் கார்டனில் அப்பாராவ் கேலரி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஐந்து கிலோமீட்டர் வந்தால் அதிகம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினால் இரவுக்குள் முக்கால்வாசியைச் சுற்றிவிடலாம்.

காலா கோடாவில் ஜஹாங்கீர் கேலரியை விட்டு வெளியே வந்தால் நடைபாதையிலேயே ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நடந்தே போகலாம். இங்கே ஒவ்வொன்றும் தனித்தனி மதில், தனித்தனி கேட், உள்ளே ஒரு பெரிய மரம். இரண்டு கேலரிக்கு நடுவில் ஆஸ்பத்திரி, அலுவலகம், பாதி தோண்டிப்போட்ட ரோடு. ஆட்டோக்காரரிடம் லலித் கலா என்று சொன்னால் திரும்பிப் பார்ப்பார். அப்பல்லோ பக்கம் என்று சொன்னால் சரியாகக் கொண்டுவந்து விடுவார்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. இது ஊகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள். கொச்சியில் மிளகு, இஞ்சி, கயிறு வியாபாரம் நடந்த கிடங்குகள் காலியாகிப் போயின. 2012 டிசம்பர் 12-ல் அங்கே பினாலே, அதாவது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும் கலை விழா, தொடங்கியபோது கடலைப் பார்த்தபடி ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பிரம்மாண்டமான கட்டடங்கள் கைக்குக் கிடைத்தன. சென்னையில் அதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய இடம் ஜார்ஜ் டவுன். ஆனால் ஜார்ஜ் டவுனில் வியாபாரம் சாகவில்லை. கொத்தவால் சாவடிக் காய்கறி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும், மற்றபடி அந்தச் சந்துகளில் பேப்பர், பிளாஸ்டிக், எலெக்ட்ரிக் சாமான் என்று மூட்டை இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. காலிக் கிடங்கு இல்லாத இடத்தில் ஓவியன் எங்கே நுழைவான்? மண்ணடியில் தறிக்கூடம் மாதிரி நீளமான ஒரு மாடி அறையை ஸ்டூடியோவுக்கு எடுக்கலாம் என்று ஒரு சிற்பி நண்பர் போய்க் கேட்டார். அவர் சொன்ன வாடகையைக் கேட்டுக் கட்டடக்காரர் சிரித்தாராம். அதே அறையில் அடுத்த வாரம் சுவிட்ச் போர்டு அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது.

இனி வரலாறு, இதில் சந்தேகமில்லை. கவின்கலைக் கல்லூரி 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. அப்போது அது கைத்தொழில் கற்றுக்கொடுக்கிற இடம். நவீன ஓவியம், சிற்பம் என்று அது திரும்பியது தேவி பிரசாத் ராய் சவுத்ரி முதல்வராக இருந்த காலத்தில். அவரை உங்களுக்குத் தெரியும். மெரினாவில் நாலு பேர் பாறையை நெம்பிக்கொண்டிருக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது, 1959-ல் அங்கே வந்தது. அதற்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரியின் வாட்ச்மேன் என்று கல்லூரிப் பக்கம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்டில் நிற்கிறவரைப் பார்த்துப் பயப்படும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வரும்.

ராய் சவுத்ரிக்குப் பிறகு முதல்வராக வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அவரும் மாணவர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரை ஓரமாக நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்தப் பணம் வந்த வழி. ஓவியம் விற்றுச் சேர்த்த பணம் இல்லை அது. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுச் சேர்த்தது. பகலில் துணிக்கு மெழுகு பூசினால்தான் மிச்ச நேரத்தில் கேன்வாஸ் பக்கம் போக முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கு நடுவில் இடமில்லாததால் ஓவியர்கள் ஊருக்கு வெளியே போனார்கள். இப்போது ஊரே அங்கே போய்விட்டது, ஈ.சி.ஆரில் போகிற கார்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை. உள்ளே 2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில் அந்தத் தலைமுறையின் வேலைகளை ஒன்றாகப் பார்க்கலாம். சென்னையின் நவீன ஓவியத்தில் அடி முடி தெரிய வேண்டுமென்றால் அதற்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் பார்த்தவர்களுக்கு அவை எந்த மண்ணிலிருந்து வந்தன என்பது அங்கே விளங்கும்.

இப்போது கிரீம்ஸ் சாலைக்கு வருகிறேன். என் பிழைப்பு நடக்கிற இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லலித் கலா மையம் 1978-லிருந்து இருக்கிறது. கேலரிகள் ஒரு பக்கம், சிற்பம், அச்சோவியம், சுடுமண் வேலைக்கான பட்டறைகள் இன்னொரு பக்கம். அங்கே நடக்கும் கண்காட்சிகளில் பெரும்பாலானவை ஓவியர் தானே வாடகை கட்டி எடுத்து நடத்துபவை. தேர்ந்தெடுத்து மாட்ட நடுவில் ஒருவர் இல்லை என்று அர்த்தம். இந்த வாரம் நீங்கள் போனால் கதகளி முகமும் பிள்ளையாருமாக நாற்பது படம் இருக்கலாம். அடுத்த வாரம் போனால் கும்பகோணம் கல்லூரியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் பத்தே பத்து அச்சோவியங்களோடு நின்றுகொண்டிருக்கலாம், அதைப் பார்த்து நீங்கள் இரண்டு நாள் தூங்காமல் இருக்கலாம். என் கணக்குப்படி பத்து ஷோவில் மூன்று தேறும். மற்ற ஏழையும் பார்த்தால்தான் அந்த மூன்று எது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஓப்பனிங் நாளை ஒரு தடவையாவது பாருங்கள். சாயந்திரம் ஆறு மணி என்று கார்டில் போட்டிருக்கும். ஐந்தே முக்காலுக்கு நான் இன்னும் ஏணியில் இருப்பேன். மாட்டும்போது படத்தின் மேல்விளிம்பை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, நடுப்புள்ளியை வைத்துப் போட வேண்டும். சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டி, பார்க்கிறவரின் கண் உயரத்துக்கு எல்லாப் படங்களின் நடுவையும் கொண்டுவந்தால் பெரிதும் சிறிதுமாக இருந்தாலும் சுவர் அமைதியாக இருக்கும். ஓவியர் கடைசி நிமிடத்தில் “அண்ணா, அந்தச் சிவப்பைக் கொஞ்சம் தள்ளி மாட்டலாமா?” என்பார். தள்ளினால் மொத்த வரிசையும் தள்ள வேண்டும். பழைய ஆணி ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, அது காய்வதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிடுவார். குத்துவிளக்கு, மெழுகுவர்த்தி, ஐந்து நிமிடப் பேச்சு, டீ, சமோசா. அந்த நேரத்தில் படத்தைப் பார்க்க முடியாது. எல்லாரும் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் யாரையும் தெரியாதவர் என்பது அன்றைக்கு ஒரு வசதி. பேச ஆளில்லாததால் படத்தைப் பார்ப்பீர்கள்.

நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் செவ்வாய், புதன் மத்தியானம் போங்கள். கேலரியில் ஓவியரும் ஒரு மின்விசிறியும் மட்டும் இருப்பார்கள். நாள் முழுக்க ஒருவரும் வராத அறையில் உட்கார்ந்திருக்கும் ஓவியர் அளவுக்குப் பேசக் காத்திருப்பவர் இந்த ஊரில் வேறு யாரும் கிடையாது. “இது என்ன அர்த்தம்?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி அவர்களைச் சுருட்டிவிடும். “இதை எதில் பண்ணீங்க?”, “எவ்வளவு நாள் ஆச்சு?” என்று கேளுங்கள். அர்த்தம் தானாக வரும். விற்பனை பெரும்பாலும் நடக்காது. வாடகை, கார்டு, சட்டம் எல்லாம் அவர் கைக்காசு. எனக்குச் சட்டக் கூலி தர முடியாமல் ஒரு படத்தையே கொடுத்துவிட்டுப் போனவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். என் வீட்டுச் சுவரைப் பார்த்து நான் பெரிய ரசிகன் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள்.

அலியான்ஸும் மேக்ஸ் முல்லர் பவனும் வேறு மாதிரி. அங்கே நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்க ஆள் உண்டு, ஒலி ஒளி ஒழுங்காக இருக்கும், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். ஆங்கிலம் வராதவர்கள் பின்வரிசையில் நெளிவதைப் பார்த்திருக்கிறேன், நானும் நெளிந்திருக்கிறேன். ஆனால் அங்கே நடந்தவற்றால் சென்னைக்கு நிறைய கிடைத்தது. 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலேவுக்கு மேக்ஸ் முல்லர் பவனின் துணை இருந்தது. புகைப்படங்களைக் கேலரியை விட்டு வெளியே, ரயில் நிலையம் போன்ற இடங்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2019-ல் புகைப்படக் கலைஞர் புஷ்பமாலா பொறுப்பில் நடந்தபோது கடற்கரைச் சாலையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைத் திறந்துவிட்டார்கள். ராபர்ட் சிஸம் கட்டிய அந்த மண்டபத்தைப் பஸ்ஸில் போகும்போது மட்டும் பார்த்தவர்கள் முதல் தடவையாக உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்கள். படங்களைப் பார்த்தார்களா, கூரையைப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

எழும்பூர் அருங்காட்சியகம் ஒன்றுதான் இந்தச் சுற்றில் டிக்கெட் கேட்கும் இடம், வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே இருக்கும் திருவாலங்காட்டு நடராசர் வெண்கலச் சிலையை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் கிரீம்ஸ் சாலைக்குப் போனால் நவீன ஓவியர்கள் எதோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது புரியும்.

சரி, இனி சினிமாப் படங்கள். இதில் முதலில் ஒரு சட்ட விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாததால்தான் “ஏன் போஸ்டர் ஒட்டுவதில்லை, ஏன் ரகசியம் மாதிரி நடத்துகிறார்கள்?” என்று பலர் கோபப்படுகிறார்கள். 1952-ம் வருட சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டுகிற எந்தப் படத்துக்கும் சென்சார் சான்றிதழ் வேண்டும். அரை மணி நேர ஆவணப்படமானாலும் வேண்டும். சின்னப் படம் எடுப்பவர்களில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை, அலைச்சலும் செலவும் ஒரு காரணம், என்ன வெட்டச் சொல்வார்களோ என்பது இன்னொன்று. திரைப்பட விழாக்களுக்குத் தனியாக விலக்கு வாங்கலாம், ஆனால் பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு மட்டும்தான் காட்ட வேண்டும். திரைப்படச் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவதும் இதனால்தான். ஆகவே “உறுப்பினர்களுக்கு மட்டும்” என்று போட்டிருந்தால் உங்களைத் தள்ளிவைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். உறுப்பினராவதற்கு ஒரு படிவம், சந்தா, போட்டோ, அவ்வளவுதான்.

சான்றிதழ் மறுக்கப்பட்டால் முன்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. லீனா மணிமேகலை இயக்கிய செங்கடல் படத்துக்கு 2011-ல் சென்சார் வாரியம் மறுத்துவிட, அந்தத் தீர்ப்பாயம்தான் அனுமதி கொடுத்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இனி நேராக உயர் நீதிமன்றம் போக வேண்டும். கையில் காசில்லாமல் படம் எடுத்தவர் எங்கே வக்கீல் வைப்பார்?

இந்தச் சங்க மரபு இங்கே பழையது. இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959-ல் சத்யஜித் ராய் தலைமையில் உருவானபோது அதன் துணைத் தலைவர்களில் ஒருவர் சென்னையில் வாழ்ந்த அம்மு சுவாமிநாதன். இன்றைக்கு நீங்கள் சேரக்கூடிய பெரிய சங்கம் இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபௌண்டேஷன். ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கும் ரஷ்ய கலாச்சார மையத்தில் அவர்களுடைய திரையிடல்கள் நடக்கும், தூதரகங்களோடு சேர்ந்து ஒரு நாட்டின் படங்களை வரிசையாகப் போடுவார்கள். 2003-லிருந்து டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்துவதும் அவர்கள்தான். விழாவில் ஒரு பாஸ் வாங்கிக்கொண்டால் எட்டு நாளில் உங்களால் எத்தனை படம் தாங்க முடியுமோ அத்தனையும் பார்க்கலாம். என் யோசனை, ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நாலாவது படத்தில் ஈரானும் துருக்கியும் குழம்பிவிடும்.

சாலிகிராமம், வடபழனி பக்கம் இருக்கிற உலகம் இன்னொன்று. நுங்கம்பாக்கத்துக்கும் வடபழனிக்கும் தூரம் அதிகமில்லை, ஆனால் இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை. இங்கே வருகிறவர்கள் உதவி இயக்குநர்கள், எடிட்டிங் படிப்பவர்கள், கதை வைத்துக்கொண்டு தயாரிப்பாளரைத் தேடுகிறவர்கள். பேச்சு முழுக்கத் தமிழ், சண்டையும் தமிழ். தமிழ் ஸ்டூடியோ மாதிரி அமைப்புகள் திரையிடல், பயிற்சி வகுப்பு என்று நடத்தி, சினிமாவுக்கென்றே வடபழனியில் ப்யூர் சினிமா என்ற புத்தகக் கடையும் வைத்தார்கள். ஆவணப்படம் என்றால் மறுபக்கம் அமைப்பைப் பின்தொடருங்கள். ஆர்.பி. அமுதன் 1998-ல் மதுரையில் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்துவது அவர்கள்தான், சென்னையிலும் திரையிடுகிறார்கள். ரோட்டர்டாம் விழாவில் 2021-ல் முதல் பரிசான டைகர் விருதை வாங்கிய தமிழ்ப் படம் கூழாங்கல். அது வழக்கமான தியேட்டர் ரிலீஸ் இல்லாமல் 2023-ல் நேராக ஓடிடிக்குப் போனது. அப்படிப்பட்ட படத்தைப் பத்துப் பேரோடு இருட்டில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு இந்தச் சின்ன அறைகளில்தான் வரும்.

சின்ன அறை என்றால் நிஜமாகவே சின்ன அறை. நாங்கள் ஒரு தடவை வாடகைக்கு எடுத்த ஹாலில் ப்ரொஜெக்டர் அவர்களுடையது, லேப்டாப் எங்களுடையது. மூன்று மணிக்குப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் சரி. ஆறரைக்கு வந்தால் எங்கள் லேப்டாப் உயிரோடு இல்லை. ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகினோம். படம் ஓடியது. தமிழ் சப்டைட்டில் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகச் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். அது ஒரு மணிப்பூரி ஆவணப்படம், அங்கே யாருக்கும் ஒரு சொல் தெரியாது. மொழிபெயர்த்த கல்லூரிப் பெண் வந்திருந்தாள். போனில் வசனக் கோப்பைத் திறந்து, திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு நிமிடமும் தமிழில் வாசித்தாள். ஒரு கிழவி மகனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அவளுக்குக் குரல் உடைந்தது, இரண்டு வரியை விட்டுவிட்டாள். யாரும் அந்த இரண்டு வரி என்ன என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஹாலுக்குப் போனாலும் சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதித்த ஒரு பிரதியும் தனியாக எடுத்துப் போகிறேன். நீங்களும் என்றைக்காவது திரையிட நேர்ந்தால் இதைச் செய்யுங்கள்.

இந்த எழும்பூர், நுங்கம்பாக்கம் சுற்றுக்கு வெளியே நடப்பதையும் சொல்லாவிட்டால் பதில் பாதிதான். பெசன்ட் நகரில் நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த ஸ்பேசஸ் இருக்கிறது. கடற்காற்று வரும் திறந்த அரங்கு, ஓவியம், நாடகம், பேச்சு எல்லாம் நடக்கும். அதற்கு ரொம்பத் தூரமில்லாத ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-ல் ஒரு விழா ஆரம்பித்தார்கள், மீனவர் தெருவிலேயே கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில். நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாக வைத்து வானம் கலைத் திருவிழா நடத்துகிறது. அதில் ஒரு பகுதி பி.கே. ரோஸி திரைப்பட விழா. ரோஸி முதல் மலையாளப் படத்தின் நாயகி. தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து மறைந்து வாழ்ந்தவர். நுங்கம்பாக்கத்து நிகழ்ச்சிகளில் நான் பார்க்காத முகங்களை அங்கே பார்க்கிறேன். கூட்டம் பெரிது, வயது சிறிது. கேட் பயம் பற்றி நான் இவ்வளவு எழுதியதற்கு அவர்கள் கண்ட வழி எளிது. கேட்டே இல்லாத இடத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

சென்னையில் கலை வட்டாரம் என்று பெயர் சூட்டப்பட்ட முதல் இடம் எது தெரியுமா? கண்ணகி நகர். நகரின் நடுவிலிருந்து குடிசைகளைக் காலி செய்யவைத்துப் பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் குடியமர்த்திய பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2020-ல் தெருச் சுவர்களில் ஓவியம் வரையும் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு ஒரு பெயின்ட் நிறுவனத்தோடு சேர்ந்து அந்தக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரைந்தது. ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன, அதில் எனக்கு மறுப்பில்லை. ஊருக்குள் இருக்க இடம் தராமல் வெளியே அனுப்பிவிட்டு, அனுப்பிய இடத்தின் சுவரைக் கலை என்று காட்டுவதில் மட்டும் எனக்கு நெருடல் உண்டு. அங்கே இருப்பவர்களிலேயே சிலருக்குப் பெருமை, சிலருக்கு அலுப்பு. போவதானால் போங்கள். கேமராவைத் தூக்கும் முன் அந்தச் சுவருக்குக் கீழே துணி காயப்போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எப்போது, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த ஊரில் இருக்கிற உண்மையான கஷ்டம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுகிற அறிவிப்புப் பலகை என்று நம்பக்கூடியது எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை நெருக்கியடித்து நடக்கும். ஏப்ரலில் வானம். மே, ஜூன் வெயிலில் அடங்கிக் கிடக்கும், ஆனால் கல்லூரி மாணவர்களின் கண்காட்சிகள் எந்தக் காலத்திலும் வரலாம், அவற்றை விடாதீர்கள். மேலே சொன்ன ஒவ்வோர் இடத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் தொடருங்கள். நேரமும் நாளும் கடைசி நிமிடத்தில் மாறும், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். அதையெல்லாம் விட நம்பகமான வழி வேறு ஒன்று உண்டு. ஒவ்வொரு கண்காட்சியிலும் வாசல் பக்கம் ஒரு சின்ன மேஜை மேல் கருத்துப் புத்தகம் இருக்கும். பெரும்பாலும் “அருமை”, “வாழ்த்துகள்” என்றுதான் எழுதியிருப்பார்கள். எந்தப் படம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதி, கீழே போன் நம்பரைப் போடுங்கள். கண்காட்சி முடிந்த இரவு நான் படங்களைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ஓவியர் தரையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பார், எல்லாரும் படிப்பார்கள். அடுத்த ஷோ கார்டு உங்கள் வாட்ஸாப்புக்கு வரும், அவர் நண்பர்களின் கார்டும் வரும், ஆறு மாதத்தில் எதற்குப் போவது எதை விடுவது என்று திண்டாடுவீர்கள். மேஜையில் நூல் கட்டி வைத்திருக்கும் பேனா எழுதாது. சொந்தப் பேனா எடுத்துக்கொண்டு போங்கள்.